காரிகையும் கணிப்பொறியும்

கணிப்பொறியியல் பயில விரும்பும் மாணவனுக்கு முதற்கண் வேண்டுவது கணிதம். அக்கணிதத்திலும் இரு கூறுகள் உள. நீளம், வேகம், வெப்பம் என இடையறாது ஓடும் அளவுகளை ஆராய்வது ஒன்று. ஒன்று, இரண்டு எனத் தனித்தனியே எண்ணத்தக்க பொருள்களையும், அவை சேரும் வகைகளையும், மெய் அல்லது பொய் என இரண்டிலொன்றாய் நிற்கும் கூற்றுகளையும் ஆராய்வது மற்றொன்று. பின்னதைத் தனிநிலைக் கணிதம் என்பர். கணம், தருக்கம், சேர்க்கைகளை எண்ணுதல், புள்ளியும் கோடுமாகிய கோட்டுரு என்பன அதன் உறுப்புகள். 1854இல் ஜார்ஜ் பூல் சிந்தனையின் விதிகளை இயற்கணிதமாக எழுதினார். 1937இல் கிளாட் ஷானன் என்னும் மாணவர், அவ்வியற்கணிதமே மின்சுற்றுகளின் திறப்பையும் மூடலையும் ஆளவல்லது என்று தம் ஆய்வேட்டில் காட்டினார். இன்றைய கணிப்பொறி அந்த அடித்தளத்தின்மேல் எழுந்தது.

இக்கணிதம் நம் நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரியதாய் நின்றுவிடவில்லை. 2020இல் நடைமுறைக்கு வந்த படிவம் நான்கு கணிதப் பாடத்திட்டத்தில் எண்ணடிமானம், தருக்கமுறைச் சிந்தனை, கணங்களின் செயல்கள், கோட்டுருவியல் வலையமைப்பு என்னும் நான்கு இயல்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஜெலாப்பாங்கிலும் அதனைச் சூழ்ந்த பழைய தோட்டப்புறங்களிலும் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளைகள், ஈப்போவின் இடைநிலைப்பள்ளிகளுக்குச் சென்று, பதினாறாம் வயதில் இவற்றை மலாய் மொழியில் எதிர்கொள்கின்றனர். 'பெனாக்குலான் லோஜிக்', 'தியோரி கிராஃப்' என்னும் தலைப்புகளைக் காணுங்கால், தாம் முன்பு கற்ற எதனோடும் இவற்றுக்கு உறவில்லை என்றே எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. அதற்குத் தமிழிலக்கணத்தை நாம் கற்பிக்கும் முறையும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முப்பது சீர் வந்த வழி

'காரிகை கற்பதினும் பேரிகை கொட்டிப் பிழைத்தல் மேல்' என்னும் கருத்தில் நம்மிடையே ஒரு பழஞ்சொல் வழங்குகிறது. யாப்பிலக்கணத்தை வாய்பாடாக உருப்போட்டு மனம் சலித்தவர் யாரேனும் அதனைச் சொல்லியிருத்தல் கூடும். அச்சலிப்புக்கு அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையைக் குறை கூறுதல் முறையாகாது. அந்நூல் எத்துணைச் சிக்கனமான அடிப்படையில் நிற்கிறது என்பதைச் சற்று நோக்குவோம்.

அசை இரண்டு: நேர், நிரை. ஓரசையால் ஆகும் சீர் இரண்டு. இரண்டு அசை சேர்ந்தால் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என நான்கு. ஏன் நான்கு? முதலிடத்தில் இரண்டிலொன்று நிற்கலாம். அவ்விரண்டில் ஒவ்வொன்றின் பின்னும் மீண்டும் இரண்டிலொன்று நிற்கலாம். எனவே இரண்டை இரண்டால் பெருக்க நான்கு. மூன்றசையாயின் காய்ச்சீர் நான்கும் கனிச்சீர் நான்குமாக எட்டு. நான்கசையாயின் பதினாறு. கூட்டினால் 2 + 4 + 8 + 16 = 30. காரிகை கூறும் சீர் முப்பதும் இவையே.

தொல்காப்பியர் நெறி வேறு. அவர் நேர், நிரை என்பவற்றோடு நேர்பு, நிரைபு என்பவற்றையும் அசையாகக் கொண்டார். அடிப்படை நான்காயிற்று. எனவே ஓரசைச்சீர் 4, ஈரசைச்சீர் 16, மூவசைச்சீர் 64, ஆக 84. இரு நூலாரும் எண்ணிய முறை ஒன்றே; எடுத்துக்கொண்ட அடிப்படை எண் மட்டுமே வேறு. படிவம் நான்கில் 'எண்ணடிமானம்' என்னும் இயலில் மாணவன் கற்பது, அடிப்படைக் குறிகள் இரண்டாயினும் நான்காயினும் பத்தாயினும் இடந்தோறும் பெருகும் முறை ஒன்றே என்னும் இதே கருத்தை. முப்பதையும் எண்பத்து நான்கையும் அருகருகே எழுதிக்காட்டிய ஆசிரியர் அவ்வியலின் பாதியைத் தமிழ் வகுப்பிலேயே கற்பித்தவர் ஆவார்.

எழுத்திலும் இவ்வுண்மை உண்டு. மெய் பதினெட்டை உயிர் பன்னிரண்டால் பெருக்க உயிர்மெய் 216. ஒரு கணத்தின் ஒவ்வோர் உறுப்பையும் மற்றொரு கணத்தின் ஒவ்வோர் உறுப்போடும் இணைத்தலைக் கார்ட்டீசியப் பெருக்கம் என்று கணித நூலார் கூறுவர். முதலாம் ஆண்டுப் பிள்ளை சுவரில் காணும் நெடுங்கணக்கு அப்பெருக்கத்தின் அட்டவணை அன்றி வேறென்ன?

வெண்டளை என்னும் பாதை

சீர்களை எண்ணுதல் எளிது. அவை ஒன்றையொன்று தொடரும் முறையாகிய தளையிலேதான் உண்மையான நயம் அடங்கியுள்ளது. வெண்பாவின் ஈற்றுச்சீர் ஒழிந்த இடங்களில் வரத்தக்க சீர் எட்டு: ஈரசைச்சீர் நான்கும் காய்ச்சீர் நான்கும். தளை விதி மூன்று: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர்.

எட்டுச் சீர்களையும் எட்டுப் புள்ளிகளாகத் தரையில் எழுதி, எதன்பின் எது வரலாமோ அதற்கு ஓர் அம்புக்குறி இடுக. தேமாவின் பின் நிரையில் தொடங்குவனவே வரும்: புளிமா, கருவிளம், புளிமாங்காய், கருவிளங்காய். ஆக நான்கு அம்புகள். கூவிளத்தின் பின் நேரில் தொடங்குவனவே வரும்: தேமா, கூவிளம், தேமாங்காய், கூவிளங்காய். அதுவும் நான்கு. எந்தச் சீரை எடுப்பினும் நான்கே. எல்லாவற்றையும் கட்டுப்பாடின்றி இணைத்தால் 64 அம்புகள் வேண்டும். வெண்டளை அவற்றில் சரிபாதியாகிய 32ஐ மட்டும் ஏற்று, எஞ்சியவற்றை விலக்குகிறது. இவ்வாறு வரைந்த படமே கோட்டுரு. வெண்பா என்பது அக்கோட்டுருவில் அம்பு வழியே நடந்து செல்லும் ஒரு பாதை.

இனி எண்ணிப் பார்ப்போம். குறள் வெண்பாவிற்குச் சீர் ஏழு. முதற்சீர் எட்டிலொன்று. இரண்டாம் சீர் முதல் ஆறாம் சீர் வரை ஐந்து இடங்களில் ஒவ்வொன்றுக்கும் நான்கு வழி. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றாதல் வேண்டும். ஆயினும் ஆறாம் சீர் மாவாயின் மலரும் பிறப்பும், விளமோ காயோ ஆயின் நாளும் காசும் மட்டுமே பொருந்துதலின் வழி இரண்டே. ஆகவே 8 × 4 × 4 × 4 × 4 × 4 × 2 = 16,384. தளை பிழையாத குறள் வெண்பாவின் சீரமைப்புகள் இத்தனையே. இதனின் ஒன்று கூடாது, ஒன்று குறையாது. திருக்குறளின் குறட்பாக்கள் 1,330 என்பதை இதனருகே வைத்து நோக்கினால், வள்ளுவர் ஒவ்வொரு குறளையும் வெவ்வேறு அமைப்பில் பாடியிருந்தாலும் பன்னிரண்டில் ஒரு பங்கைக்கூட எட்டியிருக்க முடியாது என்பது புலனாகும். நாலடி வெண்பாவிற்குச் சீர் பதினைந்து. அதே முறையில் பெருக்கினால் 1,073,741,824 வரும். அஃதாவது நூற்றேழு கோடிக்கு மேல்.

இத்துணைப் பெரிய பரப்பைக் காப்பதற்குப் புலவன் நினைவில் வைக்க வேண்டியது எவ்வளவு? மிகச் சிறிது. முன் சென்ற சீர்களையெல்லாம் அவன் நினைவிற்கொள்ள வேண்டுவதில்லை. 'அடுத்து நேர் வேண்டும்', 'அடுத்து நிரை வேண்டும்' என்னும் இரு நிலைகளில் தான் எதில் நிற்கிறான் என்பதை அறிந்தால் போதும். மா வந்தால் நிரைநிலைக்கு மாறுகிறான்; விளமோ காயோ வந்தால் நேர்நிலைக்கு வருகிறான். கணிப்பொறியியலார் இத்தகைய அமைப்பை முடிவுறு நிலைப்பொறி என்பர்.

தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு இக்கருத்து புதிதன்று. பால்மரம் சீவுவோருக்கு இரண்டு வேலைப்பகுதிகள் இருக்கும். இன்று ஒரு பகுதியின் நிரைகள், மறுநாள் மற்றப் பகுதியின் நிரைகள் என ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுவர். மழை பெய்து வேலை நின்றால் நிலை மாறாது அப்படியே இருக்கும். விடியற்காலையில் எங்கே செல்வது என்றறிய, சென்ற மாதத்துக் கணக்கைப் புரட்ட வேண்டா. கடைசியாகச் சீவியது எப்பகுதி என்னும் ஒன்றே போதும். நம் முன்னோர் பேராக்கின் தோட்டங்களில் நாள்தோறும் நடந்த நடையிலும், புலவர் வெண்பாவில் நடந்த நடையிலும் நினைவின் அளவு ஒன்றே.

இருவகை மிகை

இவ்வளவையும் கண்டவர் சிலர், 'தமிழன் கணிப்பொறியை அன்றே கண்டான்' என்று மேடையில் முழங்கத் தொடங்குவர். இது முதல் மிகை. மேற்காட்டிய 1,073,741,824 என்னும் எண் இரண்டை முப்பது முறை பெருக்கிய எண்ணாகும். கணிப்பொறி நினைவகத்தில் ஒரு கிகாபைட் என்று வழங்குவதும் இதே எண்ணிக்கையுள்ள பைட்டுகளையே. இதனைக் கண்டு எவரும் மயங்குதல் கூடாது. இரண்டிரண்டாய்ப் பெருகும் எப்பொருளும் இவ்வெண்களிலேயே வந்து நிற்கும். அமிதசாகரர் எண்ணியது சீரை, கணிப்பொறியை அன்று.

மற்றொரு வேறுபாடும் உண்டு. காரிகை நான்கசையோடு நின்றுவிடுகிறது. 'ஐந்தசையாயின் எத்தனை? அசை எத்தனையாயினும் பொருந்தும் பொது விதி யாது?' என்று அது கேட்பதில்லை. புலவனுக்குத் தேவையான அளவில் நிறுத்துவது இலக்கண நூலுக்குத் தகும். ஆயினும் பொது விதியைக் கேட்கும் இடத்திலேதான் கணிதம் தொடங்குகிறது. வடமொழி யாப்பில் பிங்கலர் வழிவந்தோர் குருவும் இலகுவும் கலக்கும் வகைகளை அவ்வாறு கேட்டனர். 10ஆம் நூற்றாண்டில் அலாயுதர் தம் உரையில் எண்களை மேருவாக அடுக்கிக் காட்டினார். 12ஆம் நூற்றாண்டில் ஏமசந்திரர், மாத்திரை அளவால் அமையும் அடிகளை எண்ணுங்கால் 1, 2, 3, 5, 8, 13 என முன்னிரண்டும் கூடி அடுத்தது பிறக்கும் என்று எழுதினார். ஐரோப்பாவில் பிபோனச்சி அவ்வெண்களைத் தம் நூலில் எழுதியது 1202இல். தொல்காப்பியச் செய்யுளியல் அடிகளின் விரியை 625 என்று கூற, அத்தொகை வரும் வழியை உரையாசிரியர்கள் கணக்கிட்டுக் காட்ட முயன்றனர். எண்ணும் வேட்கை நம்மிடத்தும் இருந்தது, அதனை ஒப்பவேண்டும். இருந்ததை இருந்த அளவில் கூறுவதே ஆராய்ச்சி.

இரண்டாம் மிகை இதற்கு நேர்மாறானது. 'தமிழ் இலக்கியத்துக்கு ஆகும். கணிப்பொறிக்கு ஆகாது' என்பது அது. 2003இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் வெண்பாவின் இலக்கணத்தைக் கணிப்பொறி ஏற்கும் விதித்தொகுதியாக எழுதிக்காட்டிய கட்டுரை ஒன்று படைக்கப்பட்டது. பாடலை உள்ளிட்டால் அசை பிரித்துச் சீரும் தளையும் கூறும் 'அவலோகிதம்' என்னும் மென்பொருளும் உருவாகியுள்ளது. பழைய விதிகளைப் பொறியால் பின்பற்ற முடிகிறதென்றால், அவ்விதிகள் மயக்கமின்றி வகுக்கப்பட்டவை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

புணர்ச்சியும் தருக்கமும்

யாப்பைத் தொடக்கப்பள்ளியில் விரிவாகக் கற்பித்தல் இயலாது என்று ஆசிரியர் கூறலாம். உண்மையே. ஆனால் வலி மிகும் இடமும் மிகா இடமும் தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கப்படுவனவே. அவற்றை எடுத்துக்கொள்வோம்.

"'அந்த' என்னும் சொல்லின் பின் க, ச, த, ப வருக்கத்தில் தொடங்கும் சொல் வந்தால் வலி மிகும்." இது 'ஆயின்' என்னும் தொடர்பால் அமைந்த கூற்று. இதனைத் திருப்பிக் கூறின், "வலி மிகுந்தால் முன் நிற்கும் சொல் 'அந்த' ஆகும்" என்றாகும். இது மெய்யா? அன்று. 'புத்தகத்தைப் படித்தான்' என்பதில் வலி மிகுந்துள்ளது, 'அந்த' இல்லை. ஒரே எடுத்துக்காட்டு அக்கூற்றை வீழ்த்திவிட்டது. இனி எதிர்மறுத்துத் திருப்பிக் கூறுவோம்: "அவ்வருக்கத்துச் சொல்லின் முன் வலி மிகவில்லை ஆயின், முன் நிற்கும் சொல் 'அந்த' அன்று." இது மெய். முதற்கூற்று மெய்யாயின் இதுவும் மெய்யாகியே தீரும்.

படிவம் நான்கில் 'ஆக்காஸ்', 'கொந்திராபோசித்திஃப்' என்னும் பெயர்களால் மாணவன் கற்பவை இவையே. பதினாறு வயதில் அயற்பெயரோடு வந்து அச்சுறுத்தும் இக்கருத்தைப் பதினோரு வயதில் தாய்மொழியில், தான் நாள்தோறும் எழுதும் சொற்றொடரில் அவன் கண்டிருந்தால் அச்சம் எங்ஙனம் எழும்? நடைமுறையில் நிகழ்வது யாது? 'இங்கே வலி மிகும், இங்கே மிகாது' என்று பட்டியலிட்டு மனப்பாடம் செய்விக்கிறோம். விதி ஏன் அவ்வாறு உள்ளது, திருப்பினால் நிற்குமா, விலக்கு ஒன்று காட்டமுடியுமா என்னும் கேள்விகள் எழுவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

எம்மொழியில் என்பதும் எப்படி என்பதும்

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப்பள்ளிகளிலும் புகுந்தது. 2009இல் அதனைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது பூசல் மீண்டும் எழுந்தது. இப்பூசல்கள் யாவும் 'எம்மொழியில்' என்பதைப் பற்றியவை. அது தலையாய கேள்வியே, மறுப்பாரில்லை. ஆனால் கணிதத்தைத் தமிழில் காத்துக்கொண்ட பின்னும், தமிழையே கணிதம் அற்றதாகக் கற்பித்தால் காத்ததன் பயன் குறைவே. தாய்மொழியின் பெருமை அம்மொழியில் சிந்தித்துப் பழகிய முறையால் விளங்குவது. பாடநூலின் அட்டையில் அச்சிட்ட மொழி மட்டும் அதனைத் தந்துவிடாது.

இதற்கெனப் புதுப்பாடம் வேண்டா, பொருட்செலவும் வேண்டா. எட்டு அட்டைகளில் எட்டுச் சீர்களை எழுதித் தரையில் பரப்புக. மாணவர் தளை பிழையாமல் ஓர் அட்டையிலிருந்து மற்றோர் அட்டைக்கு நடக்கட்டும். பிறகு ஒரு கேள்வி: 'எல்லா அட்டைகளையும் ஒவ்வொரு முறை மட்டும் மிதித்து வரமுடியுமா?' தேமா, புளிமா, கருவிளம், கூவிளம், தேமாங்காய், கூவிளங்காய் என்று நடந்தவன், எஞ்சிய புளிமாங்காய்க்கும் கருவிளங்காய்க்கும் செல்ல வழியின்றித் திகைப்பான். நிரையில் தொடங்கும் சீருக்கு மாவிலிருந்து மட்டுமே வழி உண்டு என்பதும், மா இரண்டே என்பதும், நிரையில் தொடங்குவனவோ நான்கு என்பதும் அப்போது அவனுக்குத் தாமே புலப்படும். நிரையில் தொடங்கும் ஒன்றையே முதல் அட்டையாகக் கொண்டாலும் எஞ்சும் மூன்றுக்கு இரண்டு வழிகளே உள, ஆகவே முடியாது. 'முடியாது' என்பதை ஐயமின்றி நிறுவும் இன்பத்தை ஒரு பிள்ளை தமிழ் வகுப்பில் பெற்றுவிட்டான்.

இத்தகைய கேள்வியால்தான் 1736இல் ஆய்லர் கோட்டுருவியலைத் தொடங்கினார். கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்துவர முடியாது என்று நிறுவினார். நம் ஈப்போவில் கிந்தா ஆறு பழைய நகரத்துக்கும் புதிய நகரத்துக்கும் இடையே ஓடுகிறது. கரை இரண்டே ஆதலால், பாலம் எத்தனையாயினும் ஒவ்வொன்றையும் ஒருமுறை கடந்துவிடலாம். எண்ணிக்கை இரட்டையாயின் புறப்பட்ட கரையிலும், ஒற்றையாயின் எதிர்க்கரையிலும் போய் நிற்போம். மாணவன் இதனைத் தாளில் இரு கோடு கிழித்தே கண்டுகொள்வான்.

'இலக்கணத்தை இவ்வாறு எண்ணிக்கொண்டிருந்தால் கவிச்சுவை எங்கே போவது?' என்று வினவுவோர் உளர். அவ்வினா மதிக்கத்தக்கது. பதினாறாயிரத்துச் சொச்சம் சீரமைப்புகளும் வெறும் எலும்புக்கூடுகளே. அவற்றில் ஒன்றேனும் தானாகக் கவிதை ஆகிவிடாது. பொருளும் ஒலியும் உள்ளமும் புலவன் தரவேண்டியவை. ஆனால் இன்றைய வகுப்பில் யாப்பு சுவையாகவும் கற்பிக்கப்படவில்லை, கணக்காகவும் கற்பிக்கப்படவில்லை. மதிப்பெண்ணுக்குரிய வாய்பாடாக நிற்கிறது. அந்நிலைக்கு எண்ணிப் பார்த்தல் எவ்வளவோ மேல். எண்ணிப் பார்த்தவன், இத்தனை வழிகளுள் புலவன் இந்த ஒரு வழியை ஏன் கொண்டான் என்று அடுத்துக் கேட்பான். அக்கேள்வி அவனைச் சுவையிடம் சேர்க்கும்.

தமிழாசிரியர் கணித ஆசிரியராக மாறவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. விதியைச் சொன்னபின் 'எத்தனை?', 'ஏன்?', 'திருப்பினால் நிற்குமா?' என்னும் மூன்று வினாக்களை விடாது கேட்டால் போதும். ஆறாண்டு அவ்வாறு கேட்டுப் பழகிய பிள்ளை ஜெலாப்பாங்கிலிருந்து எந்த இடைநிலைப்பள்ளிக்குச் சென்றாலும், படிவம் நான்கின் அந்த நான்கு இயல்களைத் திறக்கும்போது சொற்கள் மட்டுமே அவனுக்குப் புதியனவாய் இருக்கும். சொற்களைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும்.